அண்ணியின் கையில் இரண்டு கயிறு

என் மகன் பிறந்ததிலிருந்து நான் வீட்டில் பாத்திரங்களைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தேன். எவர்சில்வர் தட்டு, கரண்டி, டம்ளர், ஒரு தடவை என் தையல் கத்தரிக்கோல். அவன் தொட்டிலில் கண்ணயரும் நேரமாகப் பார்த்து, அவன் கண்ணுக்குத் தெரியாத பக்கமாக நின்று போடுவேன். அவன் உடம்பு தூக்கிவாரிப்போட்டு, கைகளை விரித்து, வாயைப் பிளந்து அழுதால் எனக்கு வயிறு குளிர்ந்துவிடும். ஓடிப்போய் அள்ளிக்கொள்வேன்.

"தூங்குற புள்ளய எழுப்பி வுட்டுட்டு அப்பறம் என்னா கொஞ்சல் வேண்டிக்கெடக்கு?" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும். அது அண்ணியின் குரல்.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் திரும்பி வந்தவர். நான் இந்த வீட்டுக்குள் வலது காலை வைத்தபோதே அவர் இங்கே இருந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரல்நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். அந்த எண்ணெய் பட்ட இடம் பொத்துப்போகும் என்பார்கள். அவர் பேச்சும் அப்படித்தான்.

என் வாய் மட்டும் என்ன, சும்மா இருக்குமா? நான் பாடாலூர்க்காரி. எங்கள் வீடு சென்னைக்குப் போகிற மெயின்ரோட்டை ஒட்டி இருந்தது. லாரி ஹாரனுக்கு மேலே கத்தினால்தான் சோறு போடச் சொன்னதே அம்மாவுக்குக் கேட்கும். அந்தத் தொண்டையோடுதான் உடையார்பாளையத்துப் பக்கம் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். எங்கள் இரண்டு பேர் சண்டையில்தான் தெருவுக்கே பொழுது போகிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார், கொடுத்துவைத்தவர்.

பாத்திரம் போடும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அது என் மகளிடமிருந்து வந்தது.

அவள் மூத்தவள். ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. முதலில் சளிக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் காட்டி மருந்தும் கொடுத்தோம். மறுநாள் வாந்தி, அதற்கு மறுநாள் தலையை மடியில் வைத்தால் கழுத்து வளையவில்லை, கண் மேலே சொருகிவிட்டது. அரியலூருக்கு ஓடினோம். அங்கே பார்த்த உடனே திருச்சிக்கு அனுப்பினார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஆம்புலன்சில் நான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி எனக்கு எதிரே உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று பின்னால்தான் சொன்னார். பிள்ளை பிழைத்து வந்தால் ஊர் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டியிருக்கிறார்.

பிள்ளை பிழைத்தாள். அந்த ஆஸ்பத்திரி இருக்கிற திசையைப் பார்த்து இன்றைக்கும் கும்பிடுவேன். வீட்டுக்கு வந்த முதல் காலையில் நான் பருப்பு வேக வைத்திருந்தேன். மகள் குக்கருக்குப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கடுகு டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் விசில் வந்தால் பயந்து என் காலைக் கட்டிக்கொள்வாள். அன்றைக்கு விசில் வந்தது. எனக்கே காது கிழிந்தது. அவள் டப்பாவை உருட்டிக்கொண்டே இருந்தாள். இன்னொரு விசிலும் வந்தது. நான் அடுப்பை அணைக்கவில்லை. பருப்பு அடிப்பிடித்துத் தீய்ந்துபோகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

திருச்சி டாக்டர்தான் விளக்கிச் சொன்னார். நியூமோகாக்கஸ் என்று ஒரு கிருமி. சின்னப் பிள்ளைகள் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்குமாம். தும்மல், இருமல் வழியாக ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குப் போகும். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. செய்தால் நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகும். ரத்தத்தில் கலந்து மூளை வரைக்கும் போனால் இப்படி ஆகும். காதுக்குள்ளே கருவி வைக்கும் ஆபரேஷனுக்கும் கேட்டுப் பார்த்தோம். உள்காதில் எலும்பு வளர்ந்து மூடிவிட்டது, முடியாது என்றார்கள்.

"இதுக்குத் தடுப்பூசி இருக்கும்மா. பணம் குடுத்துப் போட்டுக்கறவங்க போட்டுக்கறாங்க. நம்ம பக்கத்துல கவர்மென்ட்ல இன்னும் வரல" என்று அவர் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கோபமெல்லாம் ஊரில் வந்து விசாரித்தவர்கள் மேல்தான் வந்தது. ஒருத்தி கண்ணேறு என்றாள். இன்னொருத்தி, மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று தையல் மிஷினை மிதித்திருப்பேன் என்றாள். அவளுக்கு அதன் பிறகு நான் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பதில்லை.

மகள் இப்போது பெரம்பலூரில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தங்கிப் படிக்கிறாள். கையால் அவள் பேசுகிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. வாயாடி பெற்ற பிள்ளை கையாடி என்று அவளுடைய அப்பா கேலி செய்வார்.

அவளுக்கும் தம்பிக்கும் நடுவில் இருந்த வருடங்களில்தான் அந்த ஊசி எங்கள் ஊர் பால்வாடிக்கே வந்துவிட்டது. காசு கிடையாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். நிமோனியா ஊசி என்று பெயரே ஆகிவிட்டது. மகனுக்கு ஒன்றரை மாதத்தில், நீலப் பெட்டியிலிருந்து நர்சம்மா மருந்தை எடுத்தபோது, இது எதற்கு என்று கேட்டேன். சொன்னார். திரும்பவும் கேட்டேன். அந்தக் கிருமியின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். "ஆமாம்மா, அதுக்குத்தான்" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஊசி குத்துவதற்கு முன்னாலேயே தாய் அழுகிறாளே என்று நர்சம்மா பயந்துவிட்டார்.

மூன்றரை மாதத்தில் இரண்டாவது ஊசி. ஒன்பது மாதம் முடிந்ததும் மூன்றாவது. அதோடு அந்தக் கணக்கு முடியும், கூடவே தட்டம்மை ஊசியும் உண்டு. எல்லா விதமான கிருமிக்கும் இது வேலி ஆகாது, ஆனால் மோசமானவற்றுக்கு ஆகும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். எனக்கு அது போதும். வேலியில் ஒரு முள் குறைந்தாலும் ஆடு புகுந்துவிடும் என்கிற பயத்தில் மூன்றாவதற்காகக் காத்திருந்தேன்.

அந்த வாரம் பார்த்துத்தான் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள்.

இந்த ஊரில் காப்புக் கட்டிவிட்டால் அதற்கப்புறம் சட்டமே வேறு. வீட்டில் தாளிக்கக் கூடாது. பச்சை மரம் வெட்டக் கூடாது. காப்புக் கட்டியவர் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. உடம்பில் ஊசி ஏற்றக் கூடாது. பாடாலூரில் இவ்வளவு கெடுபிடி நான் பார்த்ததில்லை. புதன்கிழமைதோறும் ஏதாவது ஒரு பால்வாடியில் ஊசி போடும் நர்சம்மாவுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. "காப்புக் கட்டுன ஊருக்குள்ள நான் பொட்டியத் தூக்கிட்டு வந்தா ஒரு தாயும் வர மாட்டா. வேணுங்கறவங்க இந்தப் புதனே ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. முடியாதவங்க திருவிழா முடிஞ்சு அடுத்த மாசம் போட்டுக்கலாம், ஆனா வுட்டுடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார்.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. எனக்கு அந்தப் புதன்தான் வேண்டும். காரணம் இருந்தது. திருவிழாவுக்கு திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தம் முழுக்க வந்து இறங்கும். மூக்கு ஒழுகாத பிள்ளை ஒன்று இருக்காது. அத்தனையும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே பாயில் புரளும். என் மகனை ஆளாளுக்குத் தூக்கி முத்தம் கொடுக்கும். அது நடப்பதற்கு முன்னால் ஊசி போட்டுவிட வேண்டும். ஒரு மாதம் தள்ளினால் குடி முழுகிவிடாது என்று நர்சம்மா சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? குக்கர் விசிலை அவர் கேட்கவில்லையே, நான்தானே கேட்டேன்.

பிள்ளைக்கு யாரும் காப்புக் கட்டப்போவதில்லை, காலையில் பஸ் ஏறிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணி காப்புக் கட்டிக்கொள்ளக் கோயிலுக்குப் போனார். இந்த வருடம்தான் தீச்சட்டி வேண்டுதலை நிறைவேற்றப் போகிறார். இத்தனை வருடமும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஏதாவது ஒரு சாவோ தீட்டோ குறுக்கே வந்து தள்ளிப்போயிருந்தது. போகும்போது மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். மிஷினில் ஒரு பள்ளிக்கூடப் பாவாடையை முடித்துக்கொண்டிருந்த நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தபோது அண்ணியின் கையில் மஞ்சள் கயிறு. என் மகனின் கையிலும் மஞ்சள் கயிறு.

"என்ன அண்ணி இது? நாளைக்குப் புதன்கிழம. ஊசி போடணும்."

"பூசாரி கட்டிட்டாரு. கட்டுனப்பறம் ஊசி கூடாது."

"உங்களுக்குத் தெரியாதா? ஒரு வாரமா சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"கட்டிட்டாருன்னா கட்டிட்டாரு. சாமி முன்னாடி நின்னுக்கிட்டு வேணாம்னு கையத் தட்டிவுடச் சொல்றியா?"

வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. என் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் நான் ஒன்றும் பேசவில்லை. நான் கத்தினால் வீட்டில் யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டால்தான் பயப்படுவார்கள். அன்று ராத்திரி சோறு போட்டபோதும் நான் பேசவில்லை. அண்ணிக்கு விரதம், ஒரு வேளைச் சாப்பாடுதான். அவரும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் மட்டும் மனதுக்குள் ஒரு முடிவெடுத்திருந்தேன். விடிந்ததும் அந்தக் கயிற்றை என் கத்தரிக்கோலால் வெட்டப்போகிறேன். வருகிற பழியை ஆத்தா என் மேல் போடட்டும், பிள்ளை மேல் போட வேண்டாம் என்று அவளிடமே கேட்டுக்கொண்டேன்.

காலையில் எழுந்து பார்த்தால் தொட்டில் காலி. அண்ணியின் பாயும் சுருட்டி வைத்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பிள்ளையை எங்காவது சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார், பஸ் போன பிறகுதான் கொண்டுவருவார் என்று நினைத்தேன். தலையை அள்ளி முடிந்துகொண்டு தெருவில் ஓடினேன். ஊர்ச் சண்டை முழுக்க ஒரே மூச்சில் போட்டுவிடத் தயாராகத்தான் ஓடினேன். கோயில் தெரு முனையில் அண்ணி எதிரே வந்தார். தலையில் ஈரம் சொட்டியது. இடுப்பில் என் மகன் அவர் தாலியில்லாத கழுத்தில் கிடந்த பாசிமணியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவன் கை வெறுங்கையாக இருந்தது. அண்ணியின் கையில் இரண்டு கயிறு இருந்தது.

மகனின் வெறுங்கையைப் பிடித்துப் பார்த்தேன்.

"பூசாரிய எழுப்பிக் கேட்டேன்" என்றார் அண்ணி. "புள்ளயோட காப்ப நான் வாங்கிக்கலாமான்னேன். வாங்கிக்கலாம், ஆனா அவன் வெரதத்தயும் சேத்து நீதான் இருக்கணும்னாரு. ஒருவேள சோறும் இனிமே உப்பில்லாம திங்கணும். தின்னுட்டுப் போறேன். நாக்கு என்ன இங்க வாழுது?"

"நேத்தே சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றேன்.

"நேத்து எனக்கே தெரியல. ராவெல்லாம் யோசிச்சேன்." பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "அன்னிக்கி ஆம்புலன்சுல நான் ஆத்தாகிட்ட உசுரத்தான் கேட்டேன். அவ கேட்டதக் குடுத்துட்டா. காதயும் சேத்துக் கேக்கணும்னு எனக்குத் தெரியாம போச்சு. இவனுக்கு எதயும் வுடக்கூடாது."

எத்தனை வருடமாக ஒரே கூரையின் கீழே இருக்கிறோம். இப்படி ஒரு கணக்கு அவர் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மகளின் காது போனதற்கு நான் கிருமியைத் திட்டினேன், ஊரைத் திட்டினேன். அண்ணி தன் வேண்டுதலில் ஒரு சொல் குறைந்துவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியெல்லாம் இல்லை அண்ணி, நீங்கள் கேட்டதால்தான் உயிராவது கிடைத்தது என்று சொன்னேன். அவர், "பஸ்ஸு போயிடும், சீக்கிரம் கெளம்பு" என்றார்.

அண்ணியும் கூடவே வந்தார். காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டலாமா என்று பஸ்ஸில் ஒருத்தி கேட்டாள். "ராத்தங்கத்தான் கூடாது. வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடுவோம். ஒனக்கு என்ன கவல?" என்று அண்ணி ஒரே போடாகப் போட்டார். அந்த வாய்க்கு நான் மனதுக்குள் சபாஷ் போட்டது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஊரிலிருந்து வேறு யாரும் வரவில்லை. நர்சம்மா எங்களைப் பார்த்ததும், அண்ணியின் கையில் இருந்த காப்பைப் பார்த்தார். பிள்ளையின் கையையும் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் நாள் முழுக்க ஊசியோடு பிழைக்கிறவள். மிஷின் ஊசி விரலில் ஏறியபோதுகூட நானே பிடுங்கிப் போட்டிருக்கிறேன். ஆனால் பிள்ளைத் தொடையில் ஊசி இறங்குவதை மட்டும் என்னால் பார்க்க முடியாது. அண்ணிதான் அவனை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தொடையில் ஒன்று, கையில் ஒன்று. அவன் போட்ட சத்தத்தில் வெளியே மரத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து போனது.

"கத்துறா ராசா, கத்து. நல்லாக் கத்து" என்றார் அண்ணி. அவர் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை. நான்தான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அரைமணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். ஊசி போட்ட இடத்தில் ஒத்தடம் கொடுக்காதீர்கள், காய்ச்சல் வந்தால் சொட்டு மருந்து கொடுங்கள் என்றார் நர்சம்மா. சாயங்காலம் லேசாகக் காய்ந்தது. மருந்து கொடுத்தோம். விளக்கு வைத்த பிறகு அண்ணி உப்பில்லாத சோற்றைப் பிசைந்து, முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டார். நானும் அன்றைக்கு என் சோற்றில் உப்புப் போட்டுக்கொள்ளவில்லை. "ஒனக்கு என்ன கேடு? பால் குடுக்குறவ, ஒழுங்காத் தின்னு" என்று திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டு உப்புப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரக் கடைசியில் சொந்தமெல்லாம் வந்து இறங்கியது. நான் நினைத்தபடியே அத்தனை மூக்கும் ஒழுகியது. என் மகனுக்கும் ஒழுகியது. மற்றப் பிள்ளைகளோடு அவனும் தும்மினான், இருமினான், பிறகு சரியாகிவிட்டான். ஊசியால்தான் அவ்வளவோடு போனதா, சும்மாவே போயிருக்குமா என்று யாருக்குத் தெரியும்? வராத நோய்க்குச் சாட்சி கிடையாது. நான் மட்டும் நன்றி சொல்லிக்கொண்டேன். யார் யாருக்கு என்றால், அந்த மருந்தைக் கண்டுபிடித்த முகம் தெரியாதவர்களுக்கு, அதை இந்தப் பட்டிக்காடு வரைக்கும் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு, நர்சம்மாவுக்கு, காப்பைக் கைமாற்றிக் கொடுத்த பூசாரிக்கு, ஆத்தாவுக்கும்தான்.

தீச்சட்டி வருகிற அன்று, தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு பெண்கள் நிற்போம். சட்டி ஏந்தி வருகிறவர்கள் காலில் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிடுவது வழக்கம். மகளுக்குப் பள்ளி விடுமுறை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். பறை அடிப்பவர்கள் பின்னால் வந்தார்கள். அண்ணி மஞ்சள் புடவையில், வேப்பிலைக்கு மேல் எரிகிற சட்டியைக் கையில் ஏந்தி, கண் சிவந்து வந்து வாசலில் நின்றார். இரண்டு கயிறும் வியர்வையில் நனைந்து மணிக்கட்டில் ஒட்டியிருந்தன.

குடத்தைச் சாய்த்து அவர் காலில் ஊற்றினேன். கல்யாணத்திலிருந்து எத்தனையோ சடங்குகளில் அவர் காலில் விழுந்திருக்கிறேன், முறைக்காக விழுந்தது. அன்றைக்கு நானாக விழுந்தேன். ஈர மண்ணில் நெற்றி பட்டது. எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

"எந்திரி புள்ள. சட்டி சுடுது" என்றார் அண்ணி.

அவர் நகர்ந்ததும், பறைக்காரர்கள் எங்கள் வாசலுக்கு நேராக வந்து நின்று ஓங்கி அடித்தார்கள். மகன் தூக்கிவாரிப்போட்டு அலறினான். முகம் கருநீலமாகிற அளவுக்கு அலறினான். நான் கை நீட்டுவதற்குள் மகள் அவனைத் தன் நெஞ்சோடு சாய்த்து, ஒரு காதைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு, இன்னொரு காதைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். அவளுக்கு அந்தப் பறை கேட்கவில்லை. அது அவனுக்குக் கேட்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பறை தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து நான் வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் கீழே போடுவதில்லை.